திரும்பிப் போனவர்களுக்கு நோட்டில் இடமில்லை

"சராசரி 85 ஓ.பி.தானே வருது, அதுக்கு ஒரு டாக்டர் போதுமே." வட்டார ரிவியூ மீட்டிங் ஒன்றில் காதில் விழுந்த இந்தப் பேச்சு இத்தனை நாளாகியும் என்னை விடவில்லை. சொன்னவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் கையில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாத அறிக்கை இருந்தது. அதில் ஒரு நாளைக்குச் சராசரி வெளிநோயாளிகள், அதாவது ஓ.பி., 85 என்றுதான் போட்டிருந்தது. அந்த எண்களைக் கூட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் டாக்டரே இல்லாத நிலையம் ஒன்று இருந்தது, எங்களுக்கோ இரண்டு பேர். ஒருவரை மாற்றுப்பணியில் அங்கே அனுப்பினார்கள். காகிதத்தில் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் வராந்தாவில் வந்து நின்றிருந்தால், அந்தக் கணக்கைப் போட்டவரே அதைத் திருப்பி வாங்கியிருப்பார்.

நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கிராமங்களில்தான் என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி போனது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் கடைசியாக வந்து நிற்கிற இடம் மருந்து கொடுக்கிற கம்பி ஜன்னல். டாக்டர் அறையில் சொல்லாததையும் அங்கே சொல்வார்கள். அதனால் யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எந்த பஸ்ஸில் திரும்பப் போகிறார் என்பதெல்லாம் அந்த ஜன்னலுக்குத் தெரியும். மாத அறிக்கைக்குத் தெரியாது.

எங்கள் வாரம் இப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை 150 பேர். செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், 100 தாண்டும். புதன் தடுப்பூசி நாள், 80 வரும். வியாழன் 50, வெள்ளி 70, சனி 50 சொச்சம். கூட்டி ஆறால் வகுத்தால் 85 வந்துவிடும். ஆனால் 85 பேர் வந்த நாள் என்று ஒரு நாளைக்கூட என்னால் நினைவுபடுத்திச் சொல்ல முடியவில்லை. மதியத்துக்கு மேல் டாக்டருக்குக் களப்பணி, பள்ளிக்கூடம், மீட்டிங் என்று இருப்பதால், ஓ.பி. என்பது நடைமுறையில் காலை 9 முதல் 1 வரைதான். வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு டாக்டர் நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடிப்பார். திங்கட்கிழமை இரண்டு மணி தாண்டியும் அவர் பாத்ரூம் போக எழுந்திருக்க முடியாது. ஐந்து மணி நேரத்தில் 150 பேர் என்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம். அதற்குள் பெயர் கேட்டு, பி.பி. பார்த்து, நெஞ்சில் வைத்துக் கேட்டு, எழுதி, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்று தொகுத்த ஆய்வு ஒன்று 2017-ல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்தது. ஒரு முனையில் வங்கதேசம், 48 விநாடி. மறுமுனையில் சுவீடன், 22.5 நிமிடம். சுவீடனோடு போட்டி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை வருகிற ஆளுக்கும் வியாழக்கிழமை வருகிற ஆளுக்கும் ஒரே ஆஸ்பத்திரியிலேயே இத்தனை வித்தியாசம் இருக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

திங்கட்கிழமை ஏன் இப்படி என்று வெளியூரிலிருந்து வரும் டாக்டர்கள் கேட்பார்கள். ஞாயிறன்று எங்கள் நிலையத்தில் பெயருக்குத்தான் ஓ.பி., டூட்டி நர்ஸ் மட்டும் இருப்பார். சனி ராத்திரி ஆரம்பித்த காய்ச்சல் திங்கள் வரை காத்திருக்கும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூட்டம் என்பதால் மற்றவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுவார்கள். செவ்வாய், வெள்ளியில் வைத்தியத்தை ஆரம்பிக்கக் கூடாது என்று இன்னும் நினைக்கிற வீடுகளும் உண்டு. நூறு நாள் வேலை ஓடுகிற வாரத்தில் கணக்கு மறுபடி மாறும். இதெல்லாம் புதிரே இல்லை, எங்கள் ஆயாம்மாவிடம் கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவார். அப்புறம் பஸ். 2021-ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று ஆன பிறகு, வயதான பெண்கள் வருவது அந்த ஒரு வண்டியின் நேரத்தோடு சேர்ந்துவிட்டது. 8.50-க்கு ஒரு கூட்டம் இறங்கும், 10.40-க்கு இன்னொரு கூட்டம். திரும்பிப் போகும் வண்டி 12.20. அதை விட்டால் மினி பஸ், அதற்குக் காசு வேண்டும்.

டோக்கன் 131

கார்த்திகை மாதம், தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. காய்ச்சல் சீசன். வராந்தா நிறைந்து வேப்பமரத்தடி வரை ஆள். இரண்டாவது டாக்டர் மாற்றுப்பணிக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மணி 12.10 இருக்கும். ஒரு பாட்டி வரிசையில் நிற்காமல் நேரே ஜன்னலுக்கு வந்தார். மாதா மாதம் பார்க்கிற முகம்தான். பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. மஞ்சப்பையிலிருந்து மூன்று காலி அட்டைகளை எடுத்து ஜன்னல் கல்லில் அடுக்கி வைத்தார், அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக.

"தம்பி, அதே மாத்திரதான். சீட்டு பழசு இருக்கு. குடுத்துருய்யா, பஸ்ஸு போயிரும்."

அன்றைய தேதியில் டாக்டர் எழுதாமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. அது சரியான விதி, அதன் மேல் எனக்குக் குறையே இல்லை. "டாக்டரம்மாகிட்ட ஒரு எழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துருங்க ஆத்தா" என்றேன். பாட்டி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த டோக்கன் 131. உள்ளே 95 ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவசரம், பின்னால் பத்துப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டி எதுவும் பேசவில்லை. அட்டைகளைத் திரும்பப் பைக்குள் போட்டார். டோக்கனைக் கல்லில் வைத்து, "இத வேற யாருக்காச்சும் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நான் அடுத்த சீட்டை வாங்கினேன்.

சாயங்காலம் நோட்டை முடிக்கும்போதுதான் உறைத்தது. டோக்கன் 171 வரை போயிருக்கிறது. ஓ.பி. நோட்டில் 150 பேர். நடுவில் 21 பேர் எங்கே போனார்கள்? அந்தப் பாட்டி போன இடத்துக்குத்தான் போயிருப்பார்கள். மாத அறிக்கையில் 150 என்று ஏறும். 150 பேரைப் பார்த்த டாக்டருக்குப் பாராட்டுகூடக் கிடைக்கலாம். 131-ஆம் டோக்கன் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. இத்தனை வருடமாக நான் கூட்டிக் கொடுத்த எண், எத்தனை பேருக்கு வைத்தியம் தேவைப்பட்டது என்று சொல்லும் எண் அல்ல. எங்களால் எத்தனை பேரைப் பார்க்க முடிந்தது என்று மட்டும் சொல்லும் எண். ஆள் குறைந்தால் அந்த எண்ணும் குறையும். எண் குறைந்ததைக் காட்டி இன்னும் ஒரு ஆளைக் குறைக்கலாம். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொண்டேன். டோக்கன் வாங்கிவிட்டுப் பார்க்காமல் போனவருக்கு ஒரு கோடு. கூட்டத்தைப் பார்த்துவிட்டு டோக்கனே வாங்காமல் வேப்பமரத்தோடு திரும்பியவருக்கு ஒரு புள்ளி. இரண்டாவது கணக்கை நான் ஜன்னலிலிருந்து முழுதாகப் பார்க்க முடியாது என்பதால் ஆயாம்மா உதவினார். வியாழக்கிழமைத் தாள்கள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. திங்கட்கிழமைத் தாள் ஒன்றில்கூட கோடுகள் இருபதுக்குக் குறையவில்லை.

மூன்று ஷிப்ட், மூன்று நர்ஸ்

டாக்டர் கணக்கைத் தோண்ட ஆரம்பித்ததும் நர்ஸ் கணக்கும் கண்ணில் பட்டது. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்பது நம் மாநிலத்தில் பழகிப்போன ஏற்பாடு. நாளைக்கு மூன்று ஷிப்ட், ஆளுக்கு ஒன்று என்று கேட்கும்போது எல்லாம் பொருந்துகிறது போலத்தான் இருக்கும். ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தால் மூன்று பேருக்கு 18. யாரும் ஒரு நாள்கூட லீவு எடுக்காதபோதே மூன்று ஷிப்டுக்கு ஆள் இல்லை. இனி லீவு. நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு வருடத்தில் தற்செயல் விடுப்பு 12 நாள், ஈட்டிய விடுப்பு 30 நாள். வார விடுமுறையையும் கழித்தால் வேலைக்கு மிஞ்சுவது 271 நாள். வருடத்துக்கு 1,095 ஷிப்ட். வகுத்தால் நான்குக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. மகப்பேறு விடுப்பு, பயிற்சி, கேம்ப் எதையும் நான் இன்னும் தொடவில்லை. இல்லாத அந்த நான்காவது ஆளின் வேலையை மற்ற மூவரும் தங்கள் தூக்கத்தைக் கொடுத்துச் செய்கிறார்கள். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, காலை ஓ.பி.யில் பி.பி. கருவியைக் கையில் பிடித்தபடியே ஒரு நொடி கண்ணயர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளைக் கடிந்துகொள்ள யாருக்கும் வாய் வராது.

இப்படி வேலையை அளந்து ஆள் கேட்கும் முறை ஒன்று உலக சுகாதார நிறுவனத்திடமே இருக்கிறது. 'விஸ்ன்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1998-ல் முதல் கையேடு, 2010-ல் திருத்திய பதிப்பு. ஒருவர் வருடத்தில் உண்மையாக வேலை செய்யக் கிடைக்கும் நேரம் எவ்வளவு, ஒவ்வொரு வேலையையும் ஒழுங்காகச் செய்ய எத்தனை நிமிடம் ஆகும் என்று எடுத்துக்கொண்டு, இருக்கிற ஆளையும் தேவையான ஆளையும் ஒப்பிடுவது. மக்கள்தொகையை மட்டும் பார்த்து ஆள் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். நம்முடைய அளவுகோல் சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது. அந்த 30,000 பேரில் கிழவர்கள் எத்தனை, இளவட்டங்கள் எத்தனை, தனியார் ஆஸ்பத்திரி எத்தனை மைலில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. விஸ்ன் முறை வேலையைக் கேட்கிறது. ஆனால் அதுவும் நோட்டில் ஏறிய வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறது. 131-ஆம் டோக்கனை அதனிடமும் நாமேதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கலுங்கு

டாக்டர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நமக்கு மனசு பொறுப்பதில்லை. அதிகாரி மட்டுமல்ல, ஊர்க்காரர்களும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் வரிசையில் நிற்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1909-ல் தொடங்கிவைத்தது. அழைப்புகள் ஒழுங்காக வரிசை பிடித்து வருவதில்லை, கொத்துக் கொத்தாக வருகின்றன, அதற்கு எத்தனை லைன் வேண்டும் என்று பார்க்கப் போனார். நோயாளிகளும் அப்படித்தானே வருகிறார்கள். அந்த வழியில் வந்த எளிய கணக்கின்படி, ஒரே ஒரு டாக்டர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையாக இருந்தால், உள்ளே இருப்பவரையும் சேர்த்துச் சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 சதவீதம் ஆனால் 9 பேர். 95 ஆனால் 19 பேர். கடைசி ஐந்து சதவீதத்தில் கூட்டம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. டாக்டரை ஒரு நிமிடமும் சும்மா விடக் கூடாது என்று நாம் பிடிக்கிற பிடிவாதத்துக்கான கூலியைப் பாட்டிகள் வராந்தாவில் நின்று கொடுக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல எர்லாங் தேவையில்லை. கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகக் கலுங்கு கட்டியவர்கள் சராசரி மழையைப் பார்த்துக் கட்டவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே ராத்திரியில் வந்து இறங்குகிற தண்ணீருக்குக் கட்டினார்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் அந்தக் கலுங்கு காய்ந்துதான் கிடக்கும், ஆடு படுத்திருக்கும். அதைப் பார்த்து யாரும் கல்லைப் பிடுங்கி வேறு கண்மாய்க்குக் கொண்டுபோனதில்லை.

வரப்போவது முன்கூட்டியே தெரிந்த நாட்களும் இருக்கின்றன. தை 1, 2, 3 தேதிகளில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. அங்கே மருத்துவக் குழு கட்டாயம் இருக்க வேண்டும். நம் நிலையங்களிலிருந்துதான் ஆள் போகும், போகட்டும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஓ.பி. வெறிச்சோடும், இரண்டு நாள் கழித்து வெயிலும் வயிற்றுப்போக்குமாக மொத்தமாக வரும். காலண்டரில் அச்சடித்த தேதிகள் இவை. இவற்றுக்குக்கூட முந்தின நாள் சாயங்காலம் போனில்தான் ஆர்டர் வரும்.

நாங்களே உண்டாக்கிய கூட்டம்

காலண்டர் தாள்களை டாக்டரம்மாவிடம் காட்டினேன். புதிதாக வந்தவர், எதையும் பொறுமையாகக் கேட்பவர். தாள்களைப் புரட்டிவிட்டு, "அண்ணே, இவங்கள்ல எத்தனை பேரு வெறும் மாத்திரைக்கு மட்டும் வர்றாங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படித்தான். பிரஷருக்கும் சுகருக்கும் அப்போது நாங்கள் 15 நாள் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்டாக் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் எப்போதோ தொடங்கிய வழக்கம். தொடங்கியவர் யார் என்றுகூட யாருக்கும் தெரியாது. 15 நாளுக்குக் கொடுத்தால் அதே ஆள் மாதத்தில் இரண்டு தடவை வருவார். ஓ.பி. எண்ணில் இரண்டாக ஏறுவார், வரிசையிலும் இரண்டு தடவை நிற்பார். நோயின் அளவு நிலையாக இருக்கிறவர்களுக்கு 30 நாள் கொடுப்பது என்று டாக்டரம்மா எழுதினார். மாதக் கணக்கில் மாத்திரை ஒன்றுகூட அதிகமாகச் செலவாகவில்லை. முதல் மாதம் மட்டும் ஸ்டாக் இழுத்துப் பிடித்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து தரும் மருத்துவப் பணிகள் கழகக் கிடங்குக்கு மருந்து வாங்கும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நானே இரண்டு நடை போனேன். சுகருக்கான மெட்ஃபார்மினும் பிரஷருக்கான அம்லோடிபினும் வந்து சேர்ந்ததும் சரியாகிவிட்டது.

இன்னொரு மாற்றம் லேபில். சுகர் பார்க்க வருகிறவர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். லேபில் ஒரே ஆள். 8.50 பஸ்ஸில் இறங்கியவர் ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிய பிறகு லேபுக்குப் போனால் முதல் ரத்தமே பத்தரைக்கு. 12.20 பஸ் போயே போய்விடும். பழைய சுகர்காரர்கள் நேரே லேபுக்குப் போகலாம், நர்ஸ் பி.பி. பார்த்து எழுதி வைத்துவிடலாம், டாக்டரிடம் கடைசியில் ஒரே தடவை போனால் போதும் என்று மாற்றினோம். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். அங்கே கூட்டம் நகர்வதைப் பார்க்கிறவர்கள் வேகம் என்று நினைக்கிறார்கள். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் டாக்டரிடம் விட்டிருக்கிறார்கள், அதுதான் விஷயம். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். ஆனால் அதற்கு அந்தப் பெண்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த மூன்று நர்ஸின் தலையில் பி.பி. பார்க்கும் வேலையையும் ஏற்றியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போதும் அது எனக்கு உறுத்தல்தான்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் கிராமங்களுக்கு வந்த பிறகு, நடக்க முடியாதவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே போக ஆரம்பித்தது. நல்ல காரியம். அந்தத் திங்கட்கிழமைப் பாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருந்தது. கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னேன். அவர் தேடிப் போனபோது பாட்டி 18 நாளாக மாத்திரை போடாமல் இருந்தார். பி.பி. 190-க்கு மேல். பேரனிடம் வாங்கித் தரச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். பிரஷர் மாத்திரையை விட்டவர்கள் வாய் கோணி, கை இழுத்து, 108-ல் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதை எங்கள் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இவர் தப்பினார். இதில் அதிகாரிகள் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நிலையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கிடைத்துவிட்டால் ஓ.பி. எண்ணிக்கை குறையும். அப்போது வரிசையில் மிஞ்சி நிற்பவர்கள் கட்டுக்குள் வராத சுகர், ஆறாத கால்புண், மூச்சுத் திணறல் என்று இரண்டு நிமிடத்தில் முடியாதவர்கள். எண்ணிக்கை குறைந்ததைக் காட்டி ஆளைக் குறைத்தால் அவர்களை யார் பார்ப்பது?

நான்கு மாதத் தாள்களையும் ஒரு வெள்ளைத் தாளில் நாள்வாரியாக எழுதி, டாக்டரம்மா கையெழுத்தோடு மேலே அனுப்பினோம். இரண்டாவது டாக்டரை முழுதாகத் திருப்பித் தர முடியாது, வாரத்தில் மூன்று நாள் தருகிறோம் என்று பதில் வந்தது. முதலில் கொடுத்தது செவ்வாய், வியாழன், சனி. ஐம்பது பேர் வருகிற இரண்டு நாளுக்கு இரண்டு டாக்டர், திங்கட்கிழமைக்கு ஒருவர். மறுபடி எழுதினோம், நேரிலும் போய்ப் பேசினோம். மாற்றுப்பணி பார்க்கும் நிலையத்துக்கும் அதே திங்கட்கிழமைதான் கூட்டம் என்று அங்கிருந்து சொன்னார்கள், அதுவும் நியாயம். கடைசியில் திங்களும் செவ்வாயும் இங்கே, இன்னொரு நாள் தேவையைப் பார்த்து என்று முடிந்தது. நர்ஸ் இன்னும் மூன்று பேர்தான்.

போன மாதம் என் மனைவிக்கு மாத்திரை வாங்க அங்கே போயிருந்தேன். திங்கட்கிழமை, பதினொன்றே முக்கால். ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் தம்பி என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பக்கத்தில் ஆணியில் காலண்டர் தாள்கள் குத்தியிருந்தன. மேல் தாளில் நான்கு கோடு.

"யாருன்னு தெரியுமா தம்பி?"

இரண்டு பேரின் ஊரும் பெயரும் சொன்னார். மற்ற இருவரும் 10.40 பஸ்ஸில் வந்தவர்கள் என்பது மட்டும் தெரியும், நர்ஸ் அம்மாவிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார்.